பத்தாவதுக்கு அப்புறம் எந்தப் பக்கம்? ஐடிஐ, பாலிடெக்னிக், பி.இ., சமுதாயக் கல்லூரி: ஒரு பட்டறைக்காரரின் கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம், எங்கள் வீதியில் குடியிருக்கும் ஒரு அம்மணி மகனைக் கூட்டிக்கொண்டு நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார். பையன் 500க்கு 241. கணக்கில் 38. அப்பா டாடா ஏஸ் ஓட்டுகிறார். அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை.

"ஏனுங்ணா, இவனை எதுலதானுங்க சேத்துறது? பள்ளிக்கூடத்துல அக்கவுண்ட்ஸ் குரூப்தான் தருவோம்கறாங்க. இவங்கப்பா ஐடிஐங்கறாரு. எங்கண்ணன் டிப்ளமோல போடுங்கறாரு. எனக்கென்னமோ எப்பாடுபட்டாவது இவனை இஞ்சினியராக்கிப் போடணும்னு இருக்குதுங்க."

பையன் வாயே திறக்கவில்லை. லேத்தில் (கடைசல் மெஷினில்) ஓடிக்கொண்டிருந்த ஷாஃப்டையும் அதிலிருந்து சுருள் சுருளாக விழுந்த இரும்பையும் பார்த்தபடி நின்றான்.

அன்று அவர்களிடம் அரைமணி நேரம் பேசினேன். பேசியதில் பாதி சரியாக வரவில்லை என்று ராத்திரி தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த வருடம் வந்த நாலாவது குடும்பம் அது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையான ஆள் இல்லை. நானே ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) டர்னர், அதாவது லேத்து வேலை, படித்தவன். கோயம்புத்தூர் கணபதியில் இருபத்தைந்து வருடமாகப் பம்பு பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று லேத்து, ஒரு மில்லிங், கடனில் வாங்கிய ஒரு விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மெஷின்). ஆள் எடுக்கும் பக்கத்தில் இருப்பதால் எந்தச் சான்றிதழோடு யார் வருகிறார்கள், வந்தபின் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதே வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகளை நான் பி.இ.தான் படிக்க வைத்தேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஐடிஐ, தன் பிள்ளைக்கு இஞ்சினியரிங் என்று பேசுகிறவர்களில் நானும் ஒருவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

பாதியில் நின்றால் என்ன மிஞ்சும்?

எந்தப் படிப்புக்கு நல்ல சம்பளம், எதற்கு மரியாதை என்றுதான் எல்லோரும் ஒப்பிடுகிறார்கள். அதெல்லாம் முழுசாக முடித்தவர்களின் கணக்கு. நம் வீடுகளில் பாதிக் கதை முடிக்காதவர்களின் கதைதான். அப்பாவுக்கு ஆக்சிடென்ட் ஆகும், வண்டி டியூ நிற்கும், கணக்குப் பேப்பர் நாலு தடவை போகும். ஆகவே நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் இரண்டே. இந்தப் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும்? முடித்துவிட்டால், அதற்கு மேலே போகக் கதவு திறந்திருக்கிறதா?

இஞ்சினியரிங்கை இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். பிளஸ் டூவில் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றையும் வைத்துத்தான் 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அதில் கணக்குக்கு மட்டும் 100. பத்தாவதில் 38 வாங்கிய பையன் அந்த மூன்று பாடங்களையும் இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போய், அப்புறம் நாலு வருடம் இஞ்சினியரிங் மேத்ஸோடு மல்லுக்கட்ட வேண்டும். தனியார் கல்லூரி என்றால் பீஸ், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் நல்ல படிப்புதான், குறை சொல்ல மாட்டேன். நடுவில் நின்றால்? போன வருடம் பதினொரு அரியரோடு ஒரு பையன் ஆபரேட்டர் வேலை கேட்டு என்னிடம் வந்தான். ஆறாவது செமஸ்டர் வரை படித்தவன். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தேன். அது எப்படி வேலை செய்கிறது என்ற தத்துவத்தைச் சுத்தமாகச் சொன்னான், அளவு படிக்கத் தெரியவில்லை. மூன்று வருடமும் எஜுகேஷன் லோனும் போனதற்குக் கையில் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. அவனைச் சேர்த்துக்கொண்டேன், இப்போது நன்றாகவே வேலை செய்கிறான். ஆனால் பதினெட்டு வயதில் வந்திருக்க வேண்டிய இடத்துக்கு இருபத்திரண்டில் கடனோடு வந்து சேர்ந்தான்.

பி.காம்., பி.ஏ. பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வாத்தியார் வேலை, போட்டித் தேர்வு என்று திட்டம் உள்ளவர்களுக்கு அது வழி. திட்டம் இல்லாமல் "ஒரு டிகிரி இருக்கட்டும்" என்று சேருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாடு முழுக்கப் பார்த்தால் 28.4தான். நாம் பெருமைப்பட வேண்டிய எண் அது. ஆனால் வீதிக்கு வீதி பட்டதாரி இருக்கும் ஊரில், வெறும் பட்டம் மட்டும் யாரையும் தனியாக எடுத்துக் காட்டாது.

பாலிடெக்னிக் இந்தப் பையனின் மாமா சொன்ன வழி. பத்தாவது முடித்து மூன்று வருடம். அரசு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. முடித்தவுடன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அதாவது மேலே கதவு அகலமாகவே திறந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த நல்ல புரொடக்‌ஷன் மேனேஜர்களில் பாதிப்பேர் டிப்ளமோக்காரர்கள்தான். சிக்கல் முதல் வருடத்தில் இருக்கிறது. அந்த வருடத்தில் ஒர்க்‌ஷாப்பைவிடக் கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்தான் அதிகம். பள்ளியில் எந்தப் பாடத்தைக் கண்டு ஓடினானோ அதே பாடம் இங்கே இன்னும் பெரிய உருவத்தில், பாதி இங்கிலீஷில் வந்து நிற்கும். அங்கேதான் பையன்கள் சறுக்குகிறார்கள். கணக்கில் அறுபதுக்கு மேல் வாங்கிய பிள்ளைக்கு நான் யோசிக்காமல் பாலிடெக்னிக்தான் சொல்வேன். 38க்கு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

அரமும் மட்டமும்

சரி, ஐடிஐக்கு வருவோம். இதைப் பற்றி வெளியே பேசுகிறவர்கள் பலர் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை.

ஃபிட்டர் டிரேடில், அதாவது அந்தத் தொழிற்பிரிவில், முதல் சில வாரங்கள் என்ன நடக்கும் தெரியுமா? கையளவு இரும்புப் பட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அதை வைஸ் என்ற இரும்புப் பிடியில் கட்டி, அரத்தால் தேய்த்து, ஒரு முகத்தை மட்டமாக்க வேண்டும். அப்புறம் பக்கத்து முகத்தை அதற்குச் செங்குத்தாகக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். தேய்க்கத் தேய்க்க நடுப்பகுதி மேடு தட்டும், ஓரம் இரண்டும் சரியும். ஏனென்றால் அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது ஒரு பக்கம் தாழும், தள்ளி முடிக்கும்போது மறுபக்கம் தாழும். செங்குத்தைச் சரிபார்க்கும் ட்ரை ஸ்கொயரை வைத்துப் பட்டையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரியும். தெரிந்தால் மறுபடியும் வைஸ். உள்ளங்கை காய்த்து, தோள் கழன்று போன மாதிரி ஆகும். பத்தாவது, பன்னிரண்டாவது நாள் ஒருநாள் தூக்கிப் பிடிக்கும்போது வெளிச்சமே தெரியாது. அந்த நாளை ஐடிஐ படித்த யாரும் மறக்க மாட்டார்கள். நானும் மறக்கவில்லை, டர்னராக இருந்தாலும் எங்களையும் மூன்று வாரம் அரம் தேய்க்க விட்டார்கள். கணக்கில் 38 வாங்கியவன் அங்கே வெர்னியர் என்ற அளவுக் கருவியில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கைப் படிக்கிறான். பயப்படாமல் படிக்கிறான், ஏனென்றால் அந்த எண் அவன் கையில் இருக்கும் இரும்பின் எண்.

நாடு முழுக்க ஒரே பாடத்திட்டத்தில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950லிருந்து நடக்கிறது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட், ஏசி-ஃப்ரிட்ஜ் டெக்னீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம், அதற்கு எட்டாவது பாஸே போதும். அரசு ஐடிஐயில் டியூஷன் பீஸ் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், யூனிபாரம், ஷூ உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம். 2024 ஆகஸ்டில் நம் கோயம்புத்தூரில்தான் அதைத் தொடங்கினார்கள். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் அதே ஆயிரம். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) என்று புதுப் பணிமனைகளும் வந்திருக்கின்றன. எங்கள் காலத்துப் பெல்ட் லேத்து ஐடிஐயை நினைத்துக்கொண்டு முடிவு எடுக்காதீர்கள்.

முடித்தவுடன் ஒரு வருடம் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, ஸ்டைபண்ட் உண்டு. பெரிய தொழிற்சாலைக்குள் கால் வைக்க அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. ரயில்வேயில் டெக்னீஷியன், உதவி லோகோ பைலட் வேலைகளுக்கும் பத்தாவதோடு ஐடிஐ இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

மேலே கதவு? இங்கேதான் எல்லோரும் தப்பாக நினைத்திருக்கிறார்கள். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதை முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். கூட்டிப் பாருங்கள்: ஐடிஐ 2, பாலிடெக்னிக் 2, பி.இ. 3. ஆக ஏழு வருடம். பிளஸ் ஒன், பிளஸ் டூ, அப்புறம் நாலு வருட பி.இ. என்று நேர் வழியில் போனால் ஆறு வருடம். ஒரே ஒரு வருடம்தான் வித்தியாசம். அந்த ஒரு வருடத்துக்குப் பதிலாக நடுவில் இரண்டு இடத்தில் சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம், வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியும் ஏறலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழித்தேர்வு எழுதித் தேறினால் பத்தாவதுக்குப் பிந்தைய ஐடிஐயைப் பிளஸ் டூவுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியபோதுதான் அந்த அம்மணியின் முகம் கொஞ்சம் இளகியது. "அப்ப இஞ்சினியர் ஆகலாமுங்களா?" என்றார். ஆகலாம், ஆனால் எல்லோரும் ஆவதில்லை. ஐடிஐ முடித்து இரண்டு மாதச் சம்பளம் பார்த்த பையனை மறுபடி பெஞ்சில் உட்கார வைப்பது கஷ்டம். அதையும் அவரிடம் சொன்னேன்.

குறை இல்லாமல் இல்லை. தனியார் ஐடிஐ சிலவற்றில் மெஷின் காட்சிக்கு மட்டும் நிற்கிறது, ஜாப் செய்யப் பொருள் கொடுப்பதில்லை. சேர்வதற்கு முன் என்சிவிடி எனும் மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட டிரேடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள், பள்ளிக்கு மட்டும் இருந்தால் போதாது. அப்புறம் ஒர்க்‌ஷாப்புக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். தரையில் இரும்புத்தூள் கிடந்தால் நல்ல இடம்.

குலக்கல்வி என்ற பயம்

தொழிற்கல்வி என்று வாய் திறந்தால் நம் ஊரில் ஒரு பழைய காயம் வலிக்கும், அதைத் தாண்டி ஓடிப்போக முடியாது. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதிநாள் பள்ளி, மீதி நாள் வீட்டில் பெற்றோர் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தைப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954ல் ராஜாஜி போய் காமராஜர் வந்தவுடன் திட்டம் போனது. பையனின் கொள்ளுத்தாத்தா தலைமுறை அதை நேரில் பார்த்த தலைமுறை. "படிக்க வேண்டாம், தொழில் கத்துக்கோ" என்ற பேச்சில் அவர்களுக்கு வேறொன்று கேட்கும். அந்தப் பயம் பொய் இல்லை.

அதனால் நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். அப்பன் தொழிலையே பிள்ளை தலையில் கட்டுவது ஒன்று. அப்பன் கிட்டவே போக முடியாத தொழிலைப் பிள்ளைக்குத் திறந்துவிடுவது இன்னொன்று. செருப்புத் தைத்தவர் மகன் சிஎன்சி புரோகிராம் எழுதுவதும், வண்ணார் வீட்டுப் பெண் எலக்ட்ரீஷியன் ஆவதும் இரண்டாவது வகை. அதோடு, பத்து, பன்னிரண்டு வயதில் தரம் பிரிப்பதற்கும் பத்து வருடம் எல்லோரும் ஒன்றாகப் படித்தபின் தேர்ந்தெடுப்பதற்கும் நிறைய தூரம். இருந்தாலும் பள்ளிகளில் நடப்பதைப் பார்த்தால் எனக்கே உறுத்துகிறது. மார்க் குறைந்த ஏழைப் பிள்ளையிடம்தான் "நீ ஐடிஐ போ" என்கிறார்கள். 460 வாங்கிய டாக்டர் மகனிடம், அவனுக்கு மெஷின்மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், அந்த வார்த்தையைச் சொன்ன வாத்தியாரை நான் கண்டதில்லை. என் மகளிடமும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இதில் கோயம்புத்தூருக்கு ஒரு பழைய வழக்கும் உண்டு. அவினாசி ரோட்டில் "ஹோப் காலேஜ் இறங்கு" என்று கண்டக்டர் கத்துகிறார், அங்கே அந்தப் பெயரில் காலேஜ் எதுவும் இல்லை. 1945ல் ஜி.டி.நாயுடு முன்னின்று தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியின் மிச்சம் அந்தப் பெயர். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரமே விட்டவர் அந்தக் கல்லூரிக்கே முதல்வர். நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகினார். கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் இன்றைய ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) ஆனது. இரண்டு வருடமா நாலு வருடமா என்ற அந்தச் சண்டையைத்தான் என் பட்டறை வாசலில் இந்த அம்மணியும் அவர் வீட்டுக்காரரும் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குச் சேத்துக்குவாங்களா?"

கிளம்பும்போது அந்த அம்மணி தயங்கி நின்றார். மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இந்த மாதிரி எனக்கு ஏதாச்சும் இருக்குதுங்களாண்ணா? ஒன்பதாவதோட மில்லுக்குப் போயிட்டேன். முப்பத்தாறு ஆச்சு. சேத்துக்குவாங்களா?" என்றார். விளையாட்டாகக் கேட்பது போலத்தான் கேட்டார்.

மேலே சொன்ன வழி எதிலும் அவருக்கு இடம் வைத்து யாரும் யோசிக்கவில்லை. ஐடிஐ பகல் முழுக்க. பாலிடெக்னிக்குக்குப் பத்தாவது வேண்டும். அவருக்குப் பொருந்தும் வழி சமுதாயக் கல்லூரி. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இந்த வீதியில் யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிய வந்ததும் தற்செயல்தான். என் அம்மா கடைசி ஏழு மாதம் படுத்த படுக்கை. படுக்கை விரிப்பு மாற்ற நானும் மனைவியும் தம்பியும் மூன்று பேர் சேர்ந்து அம்மாவைத் தூக்குவோம், அம்மா வலியில் கத்துவார். ஒரு மாதம் கழித்துப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தினோம். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஆள். முதல் நாளே எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார். அம்மாவின் முழங்காலை மடித்து, தோளிலும் இடுப்பிலும் கை வைத்து, தன் பக்கமாக மெதுவாகப் புரட்டினார். பழைய விரிப்பை நீளவாட்டில் பாய் மாதிரி சுருட்டி அம்மாவின் முதுகோடு ஒட்டி வைத்தார். புது விரிப்பைப் பாதி விரித்து, மீதியைச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தார். அப்புறம் அம்மாவை அந்த மேட்டின் மேலாக மறுபக்கம் புரட்டி, பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுத்துவிட்டார். இரண்டு நிமிடம். அம்மாவை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. அன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலம், மல்லாக்க, இடம் என்று மாற்றிப் படுக்க வைத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம் எழுதி வைத்தார். முதுகில் ஆரம்பித்திருந்த புண் ஆறியது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். சர்ச் வளாகத்தில் நடந்த சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடம், அதில் சில மாதம் ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி என்றார். அதற்கு முன் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாராம்.

இந்தக் கல்லூரிகளின் மூலம் அமெரிக்கா. சிகாகோ பக்கத்தில் ஜோலியட்டில் 1901ல் தொடங்கியது. அங்கே அது பெரிய ஏணி: வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த செலவில், இரண்டு வருடம் படித்து வேலைக்கும் போகலாம், அந்தப் படிப்பை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கும் மாறலாம். இந்தியாவில் முதலில் முயன்றது நம் பக்கத்தில்தான். 1995ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், 1996ல் சென்னை-மயிலை கத்தோலிக்க உயர்மறைமாவட்டம். இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் 1999ல் இதற்கென்றே சென்னையில் ஒரு மையம் தொடங்கி ஊர் ஊராகப் பரப்பினார். பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சான்றிதழ் கொடுக்க வந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்காகவே வகுத்த பாடம் அது. கைத்தொழில் மட்டும் கற்றுக்கொடுப்பதில்லை. எப்படிப் பேசுவது, பேங்க்கில் எப்படி எழுதிக் கொடுப்பது, இன்டர்வியூவில் எப்படி உட்காருவது என்றும் சொல்லிக்கொடுத்து, அப்புறம் வேலை நடக்கும் இடத்துக்கே அனுப்பிப் பழக்குகிறார்கள்.

என் இரண்டு கேள்விகளில் முதலாவதில் சமுதாயக் கல்லூரிதான் எல்லாவற்றையும்விட நன்றாகத் தேறுகிறது. ஆறு மாதம், ஒரு வருடம்தான் என்பதால் பாதியில் நின்றாலும் இழப்பு சின்னது, முடித்தால் உடனே கைக்கு வேலை. இரண்டாவது கேள்வியில் மோசமாகத் தோற்கிறது. என் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண்ணால் அந்தச் சான்றிதழை வைத்து ஒரு நர்சிங் டிப்ளமோவுக்குள் நுழைய முடியாது. அமெரிக்கக் கல்லூரியில் இருந்த ஏணியை நாம் கடல் கடத்தும்போது அங்கேயே விட்டுவிட்டு வந்தோம், வெறும் முதல் படி மட்டும் இங்கே நிற்கிறது. ஊன்றி நிற்கும் திட்டமாகவும் யாரும் இதை வைத்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 2009ல் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிய சமுதாயக் கல்லூரித் திட்டத்தைச் சில வருடங்களிலேயே நிறுத்தி வைத்தது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிறகு தன் பங்குக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது.

அந்த யுஜிசி 2014ல் கொண்டுவந்த பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டப் படிப்பில் நான் கேட்கும் ஏணி இருக்கிறது. ஒரு வருடம் முடித்து நின்றால் டிப்ளமோ, இரண்டு வருடத்தில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றில் பட்டம். பாடத்தில் பெரும்பங்கு தொழில், மீதி பொதுக் கல்வி. பாதியில் நின்றால் என்ன மிஞ்சும் என்ற கேள்வியை மனதில் வைத்துச் செய்த ஒரே பட்டப் படிப்பு என்றுகூடச் சொல்வேன். பட்டம் கேட்கும் தேர்வுகளுக்கு மற்றப் பட்டங்களைப் போலவே இதையும் ஏற்க வேண்டும் என்று யுஜிசியே சொல்லியிருக்கிறது. ஆனால் இதற்கு வாசலில் பிளஸ் டூ கேட்கிறார்கள். முதல் படி ஒரு கட்டிடத்தில், மீதி ஏணி இன்னொரு கட்டிடத்தில், நடுவில் பாலம் இல்லை.

அதிகாரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஊருக்கு ஊர் அரசு ஐடிஐ இருக்கிறது, அதில் வைஸும் லேத்தும் வெல்டிங் செட்டும் இருக்கின்றன. சாயங்காலத்தில் அந்தப் பணிமனையைத் திறந்து, பக்கத்து அரசுக் கல்லூரியின் பேரில் சமுதாயக் கல்லூரி வகுப்பு நடத்தலாம். ஒரு வருடப் படிப்பை முடித்தவருக்கு அதில் பெற்ற மதிப்பெண்ணை ஐடிஐயிலோ பி.வோக்.கிலோ கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு அரசாணை போதும். ஐடிஐக்கும் பிளஸ் டூவுக்கும் பாலம் போட்டவர்களால் இதையும் போட முடியும்.

அதுவரை, சேர நினைக்கிறவர்கள் போர்டில் "டிப்ளமோ" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று கேளுங்கள், போன வருடச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். நேரடிப் பயிற்சி எந்த இடத்தில், எத்தனை வாரம் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்த பஸ் பிடித்துவிடுங்கள்.

பையன் விஷயம் இப்படி முடிந்தது. அரசு ஐடிஐ என்று வீட்டில் மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள், எந்த டிரேடு என்பதில்தான் சண்டை. அப்பா ஏசி மெக்கானிக் என்றார், வெயில் ஏறிக்கொண்டே போகிற ஊரில் அது நல்ல யோசனைதான். அம்மா கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கோர்ஸ் என்றார், சட்டை அழுக்காகாது என்பது அவர் கணக்கு. நான் ஃபிட்டர் என்றேன். கலந்தாய்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போடப் பையன் என் பட்டறைக்கே வந்தான். முதல் விருப்பம் டர்னர் என்று அவனே அழுத்தினான். ஏன்டா என்று கேட்டதற்கு, சுருள் விழுவது நன்றாக இருக்கிறது என்றான்.

அம்மாவுக்கு அடுத்த வாரம் வீக்லி ஆஃப். சமுதாயக் கல்லூரி ஒன்றில் சேர்க்கை பற்றி விசாரிக்கப் போகிறார். பழைய பள்ளிக்கூட டிசி எங்கே வைத்தோம் என்று வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்.